அடிக்கு முன் பத்து நிமிடம்: வளரிளம் பருவத்து ஓட்டிசமும் நமது கதைகளும்

சில மாதங்களுக்கு முன் ஒரு சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளை வாசித்துத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட கதைகள். அவற்றில் மூன்று, இயல்பில் வேறுபட்ட பிள்ளைகளைப் பற்றியவை. ஒன்றில் பிள்ளை இறுதியில் மௌத்தாகிவிடுகிறது. பெற்றோர் அதனைச் சுவர்க்கத்துப் பறவையாக எண்ணி ஆறுதலடைகிறார்கள். இன்னொன்றில் பேச்சே வராத சிறுவன் ஒரு நோன்பு இரவில் திடீரென்று ‘உம்மா’ என்று அழைக்கிறான். மூன்றாவதில் பிள்ளைக்கு அபாரமான ஞாபக சக்தி. ஊரே அவனை மெச்சுகிறது. மூன்றும் கண்ணீரை வரவழைக்கக்கூடிய கதைகள்தாம். எழுதியவர்கள் நல்ல உள்ளம் கொண்டவர்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் ஒரு விடயம் உறுத்தியது. மூன்று பிள்ளைகளில் எவருக்கும் பத்து வயதுக்கு மேல் இல்லை. மூவரில் எவரும் யாரையும் அடிக்கவில்லை.

அந்த உறுத்தலிலிருந்தே இக்கட்டுரை பிறந்தது. இதனை ஒரு விமர்சகனாக மட்டும் நின்று எழுத எனக்கு இயலாது என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன். தெல்தெனியாவைக் கடந்து மஹியங்கனை வீதியில் வந்தால், மீமுரேப் பக்கம் பாதை பிரியும் சந்திதான் ஹுன்னஸ்கிரிய. நக்கிள்ஸ் மலையின் பனி மூட்டம் பகலிலேயே கடைகளுக்குள் வந்து போகும் ஊர். இங்கு ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனது இளைய மகனுக்கு இப்போது இருபது வயது. அவனுக்கு ஓட்டிசம். முப்பது, முப்பத்தைந்து சொற்கள் பேசுவான். போத்தல் மூடிகளை நிறம் பிரித்து அடுக்குவதில் அவனுக்கு இணை எவருமில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வயது வரை அவன் எங்களை அடித்தான், கடித்தான், தன் தலையையும் சுவரில் மோதிக்கொண்டான். என் மனைவியின் இடது முன்கையில் பற்கள் பதிந்த தழும்பு ஒன்று இருக்கிறது. முழுக்கை அபாயா அதை மறைத்துவிடுகிறது. அந்த ஐந்து வருடங்களில் எங்கள் வீட்டில் நடந்ததை ஊரில் எவரும் அறியார்.

அந்தக் காலத்தில் நான் கதைகளில்தான் துணை தேடினேன். வைத்தியர் சொல்வது மருந்துக்கு உதவும். நடு இரவில் கதவுக்கு வெளியே அமர்ந்திருக்கும்போது, இதே போல் இன்னொருவர் அமர்ந்திருந்தார் என்று சொல்ல ஒரு புத்தகம் வேண்டும். நான் தேடியபோது கிடைத்தவற்றையும் கிடைக்காதவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நம் மக்கள் அதிகம் பார்த்தவை. 2010இல் வெளியான ‘மை நேம் இஸ் கான்’ திரைப்படத்தைக் காணாத முஸ்லிம் வீடு இங்கு குறைவு. ஷாருக் கான் நடித்த ரிஸ்வான் கான், அஸ்பேகர் நிலை எனப்பட்ட ஓட்டிச வகையினன். அமெரிக்காவில் 2001க்குப் பின் முஸ்லிம் பெயர் என்னவாயிற்று என்பதைப் பேசிய விதத்தில் அப்படம் நமக்கு முக்கியமானது. ஆனால் அதன் கதையமைப்பைச் சற்று நிதானமாகப் பார்த்தால் ஓர் உண்மை தென்படும். ரிஸ்வான் முழுக்க முழுக்கத் தீங்கற்றவன். அவனது ஓட்டிசமே அவனது குற்றமின்மைக்குச் சாட்சியாக நிறுத்தப்படுகிறது. பயங்கரவாதி என்று சந்தேகிக்கப்படும் ஒரு சமூகம், தன் நற்சான்றிதழாக எவருக்கும் தீங்கு செய்ய இயலாத ஒருவனை முன்வைக்கிறது. அந்தத் தேவை எனக்குப் புரிகிறது. எனினும் கடிக்கும் மகனைப் பெற்ற வாப்பாவுக்கு அக்கதையில் இடமில்லை.

தமிழில் 2013இல் வந்த ‘ஹரிதாஸ்’ இன்னும் நெருக்கமானது. தந்தையும் ஓட்டிசம் உள்ள மகனும் தனித்து வாழும் கதை, குமரவேலன் இயக்கியது. பிள்ளையைத் தந்தை மெல்ல மெல்ல அறிந்துகொள்ளும் காட்சிகள் உண்மையாகவே இருந்தன. ஆனால் அங்கும் ஓர் ஓட்டப் பந்தயம் வந்து கதையை மீட்கிறது. திறமை ஒன்று வெளிப்பட்டாலன்றி இத்தகைய பிள்ளைக்குக் கதையில் குடியுரிமை இல்லை என்பது நமது கலைகளின் எழுதப்படாத சட்டம் போலும். ஓடத் தெரியாத, கணக்குத் தெரியாத, பாடத் தெரியாத பிள்ளைகள் எங்கே போவார்கள்?

புத்தகங்களில் நிலைமை சற்று மேல். தமிழகத்து எழுத்தாளர் யெஸ். பாலபாரதி, தானும் இத்தகைய ஒரு பிள்ளையின் தந்தையாக இருந்துகொண்டு ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ என்ற நூலையும் ‘துலக்கம்’ என்ற நாவலையும் எழுதியவர். ‘துலக்கம்’ ஓட்டிசம் உள்ள ஒரு சிறுவன் காணாமற்போவதை வைத்துப் பின்னப்பட்டது. அவரது மனைவி லக்ஷ்மி பாலகிருஷ்ணன் தாயின் பக்கமிருந்து ‘எழுதாப் பயணம்’ என்ற அனுபவ நூலை எழுதியிருக்கிறார். தமிழில் இத்துறைக்கு வழி திறந்தவர்கள் என்று இவ்விருவரையும் தயங்காமல் கூறலாம். ஆயினும் இலங்கை முஸ்லிம் வீடொன்றுக்குள் இந்தப் பிள்ளை வளர்ந்து, மீசை அரும்பி, தாயை விட உயரமாகி, ஒரு நாள் கை ஓங்கும் கதையை நான் இன்னும் வாசிக்கவில்லை.

அது ஏன் எழுதப்படவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. இந்த வகைப் பிள்ளைகளைப் பற்றி முதலில் எழுதிய புத்தகங்களே பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவை. லியோ கனர் 1943இல் அமெரிக்காவில் இந்நிலையை முதன்முதல் விரிவாக எழுதியபோதே பெற்றோரின் குளிர்ந்த சுபாவத்தைப் பற்றிக் குறிப்பிட்டிருந்தார். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூலில் அது ஒரு தீர்ப்பாகவே ஆகிவிட்டது. ‘வெறுமையான கோட்டை’ என்பது அந்நூலின் பெயர். தாயின் வெறுப்பே பிள்ளையைக் கோட்டைக்குள் ஒளியச் செய்தது என்பது அதன் சாரம். அக்கருத்து பின்னர் முற்றாகக் கைவிடப்பட்டது. ஆனால் அதே 1967இல் இன்னொரு புத்தகமும் வந்தது. ஆங்கில இலக்கியம் கற்பித்த கிளாரா பார்க் என்ற தாய், தன் மகளைப் பற்றி எழுதியது. அதன் பெயர் ‘முற்றுகை’. ஒரே ஆண்டு, ஒரே கோட்டை உருவகம். ஒருவர் வெளியே நின்று கோட்டை வெறுமையானது என்றார். மற்றவர் உள்ளே ஒரு பிள்ளை இருக்கிறது, நான் மதிலேறி அவளிடம் செல்வேன் என்றார். விமர்சனம் என்ற பெயரில் நாம் செய்யும் காரியம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு இவ்விரு தலைப்புகளையே நான் உதாரணமாகக் காட்டுவேன்.

நம் ஊரில் பெட்டல்ஹைமின் பெயர் எவருக்கும் தெரியாது. அவருடைய தீர்ப்பு மட்டும் வேறு உடையில் இங்கேயும் உண்டு. கர்ப்பத்தில் உம்மா எதையோ கண்டு பயந்தாள் என்பார்கள். கண்ணூறு என்பார்கள். ஜின் என்பார்கள். மகனுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, ஒருவர் ஜின்னை விரட்டுவதாகக் கூறிப் பிரம்பை எடுத்தார். என் மனைவி எழுந்து அந்தப் பிரம்பைப் பிடித்துக்கொண்டார். ‘இவன் அடிக்கிறத்துக்கு மருந்து, இவனுக்கு அடிக்கிறதா?’ என்று கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். அந்த மௌனத்துக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

நான் தேடியதற்கு மிக அருகில் வந்த புத்தகம் தமிழில் இல்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த மார்க் ஹடன் 2003இல் எழுதிய ‘த கியூரியஸ் இன்சிடன்ட் ஒஃப் த டோக் இன் த நைட் டைம்’ என்ற நாவல் அது. அகராதியை அருகில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் வாசித்தேன். சுவிண்டன் என்ற நகரில் வசிக்கும் பதினைந்து வயது கிறிஸ்டோபர் தானே தன் கதையைச் சொல்கிறான். ஓட்டிசம் என்ற சொல்லே நாவலுக்குள் வருவதில்லை. அயல் வீட்டு நாய் கொல்லப்பட்டுக் கிடக்கிறது. விசாரிக்க வந்த பொலிஸ்காரர் அவனது கையைப் பிடித்துத் தூக்க முனைகிறார். அவன் அடித்துவிடுகிறான். கதையின் தொடக்கத்திலேயே அடி விழுந்துவிடுகிறது. அவன் கணிதத்தில் கெட்டிக்காரன் என்பதை நான் மறக்கவில்லை. திறமைச் சட்டம் அங்கேயும் செல்லும்தான். ஆனால் அந்தத் திறமை அவனது அடியை மறைக்கும் திரையாக வைக்கப்படவில்லை.

அந்தப் பொலிஸ் காட்சியை வாசித்தபோது எனக்கு 2019 நினைவுக்கு வந்தது. ஏப்ரல் 21ஆம் திகதித் தாக்குதல்களுக்குப் பின் வீதியெங்கும் சோதனை. பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். மகனுக்குப் பதின்மூன்று வயது. உயரமோ பதினாறு வயதுப் பையனுடையது. பெயரைக் கேட்டால் சொல்ல மாட்டான். கண்ணைப் பார்க்க மாட்டான். அந்நியர் கை பட்டால் தட்டிவிடுவான். ஒரு முஸ்லிம் இளைஞன், இராணுவச் சீருடை, தட்டிவிடப்படும் ஒரு கை. சிப்பாய் அவனது தோளைத் தொட்டதும் என் மனைவி சிங்களத்தில் ஓரிரு சொற்கள் சொன்னார். சிப்பாய் கையை எடுத்துக்கொண்டு விலகி நின்றார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் நடக்கக்கூடியதாக இருந்தது எவ்வளவு என்பதை, சுவிண்டன் நகரத்துப் பையன் ஒருவனின் கதையில்தான் நான் முதன்முதலாக எழுத்தில் கண்டேன்.

அந்நாவலின் இதயம் நாயின் கொலையல்ல. தாய் இறந்துவிட்டாள் என்று தந்தை சொல்லி வைத்திருக்கிறார். உண்மையில் அவள் வீட்டை விட்டுச் சென்றுவிட்டாள். மகனுக்கு அவள் எழுதிய கடிதங்களைத் தந்தை ஒரு பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிறார். ஒரு கடிதத்தில், ஒரு நாள் அவன் எறிந்த காய் வெட்டும் பலகை தன் காலில் விழுந்து விரல்கள் முறிந்ததை அவள் எழுதுகிறாள். இந்த இடத்தில்தான் ஹடனை நான் மதிக்கிறேன். அவர் பலகையை மட்டும் காட்டவில்லை. பல நாட்களாக அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மெலிந்துபோயிருந்தான். சமைத்ததை மறுத்தான். அவன் கத்த, அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. முதலில் பொருட்களை வீசியது அவள்தான். அதன் பிறகே பலகை பறந்தது. தாய் இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதுகிறாள். அடிக்கு முன்னிருந்த பத்து நிமிடமும் அடியும் ஒரே பந்தியில் இருக்கின்றன. அதனாலேயே அங்கு மகன் மிருகமாகவில்லை. தாயும் தியாகச் சிலையாகவில்லை.

இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் ஒரே கருத்து. அடியை மறைக்கும் கதை தாயைத் தனிமைப்படுத்துகிறது. அடியை மட்டும் காட்டும் கதை பிள்ளையைக் கொடியவனாக்குகிறது. அடிக்கு முன்னுள்ள பத்து நிமிடத்தை எழுதும் கதைதான் இருவருக்கும் நீதி செய்கிறது.

இது வெறும் அழகியல் விடயமல்ல. வீட்டிலும் இதே முறைதான் எங்களுக்குக் கை கொடுத்தது. மனைவியின் கைத்தழும்பு 2020இல் ஏற்பட்டது. எங்கள் பகுதிக்கு ஊரடங்கு புதிதல்ல. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, விளக்கை அணைத்துவிட்டு, மகனின் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று அவன் வாயருகே கையை வைத்திருந்த இரவுகளை நான் மறக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டபோது, பயம் குறைவுதான் என்று எண்ணினோம். ஆனால் அவனுக்கு அது பெரிய இழப்பு. தினமும் மாலை நான்கு மணிக்குச் சூன் பாண் முச்சக்கர வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். அவன் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பான். முதல் சில நாட்கள் வண்டி வரவில்லை. முதல் நாள் ஒரு மணி நேரம் நின்றான். இரண்டாம் நாள் இருட்டும் வரை நின்றான். மூன்றாம் நாள் மனைவி அவனது கையைப் பிடித்து உள்ளே அழைத்தார். கடித்துவிட்டான். ஊருக்குத் தெரிந்தால் ‘உம்மாவைக் கடித்தவன்’ என்பார்கள். மூன்று நாள் வாசலில் நின்றவன் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

வைத்தியர் ஒருவர் அதன் பின் ஒரு கொப்பி போடச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் மூன்று விடயங்கள் மட்டும்: முன்னர் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னர் என்ன நடந்தது. வாழ்நாள் முழுவதும் கட்டுரைக் கொப்பி திருத்திய எனக்கு அதைப் போல் ஒரு பாடம் கிடைக்கவில்லை. இரண்டு மாதத்தில் கொப்பி பேசத் தொடங்கியது. பஸ்களின் ஹோர்ன் சத்தம் மலை வளைவில் எதிரொலிக்கும் நேரங்கள். பெருநாளுக்கு உறவினர்கள் வந்து போன நாட்கள். தூங்காத இரவுக்கு மறுநாள். உணவின்போது தாடையில் தானே குத்திக்கொள்ளும் நேரங்கள். கடைசியாகச் சொன்னதைப் பார்த்துப் பல் வைத்தியரிடம் கொண்டுபோனோம். கடைவாய்ப் பல்லொன்று முற்றாகச் சொத்தை. வலிக்கிறது என்ற சொல் அவனது முப்பது சொற்களில் இல்லை. அந்தச் சொல்லுக்குப் பதிலாகத்தான் அவன் குத்தியிருக்கிறான்.

பல்வலி, மலச்சிக்கல், காதுவலி, தூக்கமின்மை, தாங்க முடியாத சத்தம், சொல்லாமல் மாற்றப்பட்ட ஒழுங்கு, பருவ வயதின் உடல் மாற்றம் ஆகியவை இத்தகைய கோபத்துக்குப் பின்னால் இருக்கக்கூடியவை என்று பின்னர் அறிந்தேன். வலிப்பு நோய் சிலருக்கு இந்த வயதில்தான் தலைகாட்டுகிறது. எனவே முதலில் உடலைப் பரிசோதிக்க வேண்டும். பிறகு படங்கள். நாளைய நாளை இன்றே படமாக ஒட்டிக் காட்டினோம். பாண் வண்டி வராத நாளில் பாண் படத்தின் மேல் சிவப்புக் கோடு. கோபம் ஏறும்போது பேச்சைக் குறைத்தோம். ‘வா, இரி, தண்ணி’ என்று ஒவ்வொரு சொல்லாக. கத்தியும் கண்ணாடியும் உயரத்துக்குப் போயின. அவனுக்கென்று இருட்டான ஒரு மூலை. அவன் ஒரு சாண் முன்னேறினால் நாங்கள் ஒரு முழம் பின்வாங்கினோம். மருந்தும் ஒரு காலம் கொடுத்தோம். ரிஸ்பெரிடோன் என்ற மருந்துக்கு 2006இலும் அரிப்பிப்ரசோல் என்ற மருந்துக்கு 2009இலும் இத்தகைய கடும் எரிச்சலுக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அவை ஓட்டிசத்தைக் குணப்படுத்துபவையல்ல. பசியையும் உடல் எடையையும் கூட்டக்கூடியவை. வைத்தியரின் கண்காணிப்பின்றிக் கொடுக்கக் கூடாதவை. எங்கள் மகனுக்கு அவை மூச்சு விட ஓர் இடைவெளி தந்தன. மீதியைக் கொப்பிதான் செய்தது.

இலங்கையில் இப்பிள்ளைகள் ஒரு சிலர்தாம் என்று எவரும் எண்ண வேண்டாம். இந்நாட்டில் ஒன்றரை முதல் இரண்டு வயது வரையான பிள்ளைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியான ஆய்வொன்று 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. அது சிறிய ஆய்வுதான். ஆனால் அன்று அந்த வயதிலிருந்த பிள்ளைகள் இன்று வாலிபப் பருவத்தில் நிற்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் யாரையும் அடிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடிக்கும் சிலரின் வீடுகளில் கதவு பூட்டியிருக்கிறது.

இனி இக்கட்டுரைக்கு எதிராக எழுந்த மிகப் பலமான வாதத்தை வைக்கிறேன். அது என் மனைவியுடையது. ‘மூணு பேர்ட கணக்க மலக்குமாரே எழுத மாட்டாங்க எண்டு நீங்கதானே புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுத்தீங்க. தூங்கறவன், சின்னப் புள்ள, புத்தி தெளியாதவன். அவன் அடிச்சத மலக்குமார் எழுதலண்டா, நீங்க ஏன் எழுதுறீங்க?’ என்று கேட்டார்.

ஓட்டிசம் புத்தி தெளியாமையல்ல. அந்தச் சட்டத்துக்குள் எவர் அடங்குவர் என்பது உலமாக்கள் சொல்ல வேண்டியது. ஆனால் அவரது கேள்வி சட்டத்தைப் பற்றியதல்ல. தன் பக்க நியாயத்தைச் சொல்ல வாயில்லாத ஒருவனைப் பற்றி, சொல் கைவந்த ஒருவன் எழுதலாமா என்பதே அது. அனுபவம் எழுத்தாகும்போதெல்லாம் எழ வேண்டிய கேள்வி. ஜப்பானில் நவோக்கி ஹிகாஷிதா என்ற ஓட்டிசம் உள்ள சிறுவன் பதின்மூன்று வயதில் எழுதி 2007இல் வெளியான புத்தகம் பெற்றோரிடையே இவ்வளவு பரவியதற்கும் இதுவே காரணம். டேவிட் மிற்செல் என்ற நாவலாசிரியரும் அவரது மனைவியும், ஓட்டிசம் உள்ள தம் மகனுக்காக அதனை 2013இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தனர். அச்சொற்கள் முழுக்க அவனுடையவையா என்று சில நிபுணர்கள் ஐயம் எழுப்பினர். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. உள்ளேயிருந்து ஒரு குரல் வராதா என்று எத்தனை வீடுகள் காத்திருக்கின்றன என்பதை அது காட்டிற்று.

மனைவியின் கேள்விக்கு விடை தேடி மீண்டும் ஹடனிடம் போனேன். தாய் தன் முறிந்த விரல்களைப் பற்றி எழுதியது அயலாருக்கல்ல, உறவினருக்கல்ல, பத்திரிகைக்குமல்ல. அடித்தவனுக்கே எழுதினாள். கடிதம் முழுவதும் ‘நீ’ என்றே விளிக்கிறாள். தன் பிழையையும் அதே கடிதத்தில் ஒப்புக்கொள்கிறாள். அதனால் அது குற்றப் பத்திரிகையாகவில்லை. மகனைப் பற்றி எழுதும்போது, ஒரு நாள் அவனே இதை வாசிப்பான் என்று எண்ணி எழுத வேண்டும். அவன் வாசிக்கவே மாட்டான் என்று நமக்குத் தெரிந்தாலும் அப்படித்தான் எழுத வேண்டும். அந்த அளவுகோலை வைத்தால், போட்டிக்கு வந்த அந்த மூன்று கதைகளும் தோற்றுவிடுகின்றன. அவை பிள்ளைகளைப் பார்த்து அழுத கதைகள். அப்பிள்ளைகள் முன் வாசிக்கக்கூடிய கதைகளல்ல.

இளைய எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட பிள்ளையைக் கதைக்குள் கொண்டுவந்தால் அவனைப் பத்து வயதில் நிறுத்திவிடாதீர்கள். வளர விடுங்கள். மீசை வரட்டும். ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலுக்கு வரட்டும். ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடட்டும். பின்னால் ஓடும் வாப்பாவின் தொப்பி கீழே விழட்டும். அவன் கை ஓங்கினால் ஓங்கட்டும். ஆனால் அதற்கு முந்திய பக்கத்தையும் எழுதுங்கள்.

இதனை எழுதி முடித்ததும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மகன் அருகில் அமர்ந்து மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு இடங்களை வெட்டச் சொன்னார். வெட்டிவிட்டேன். கைத்தழும்பைப் பற்றிய வரியை வெட்டவா என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்தார். ‘அது இரிக்கட்டும்’ என்றார். ‘ஆனா பாண் வண்டிய முன்னுக்குப் போடுங்க.’